காய்ந்தால் பிழைக்கும் நெல், காய்ந்தால் சாகும் பலா

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். சுற்றிலும் நெல் வயல். அறுவடை முடிந்ததும் விதைக்கு ஒதுக்கிய நெல்லைக் களத்தில் பரப்பி, காலால் கிளறிக் கிளறிக் காயவைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். பதம் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடிப்பார்கள். 'டக்'கென்று முறிந்தால் மூட்டை பிடிக்கலாம். நசுங்கினால் இன்னும் ஒரு காய்ச்சல் போட வேண்டும்.

அதே வீட்டில் ஆனி மாதம் பலாப்பழம் அறுத்தால், கொட்டைகளுக்கு நேர்மாறான வைத்தியம். குழம்புக்கும் பொரியலுக்கும் கொஞ்ச நாள் வேண்டுமென்றால் ஈரமணலில் புதைத்து வைப்பார்கள். நடுவதற்கென்றால் சுளையைத் தின்ற கையோடு மண்ணில் ஊன்றிவிடுவார்கள். நெல்லோடு சேர்த்துக் களத்தில் போட்டுக் காயவைத்த பலாக்கொட்டை பிறகு எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் முளைக்காது.

இரண்டும் விதைதான். இரண்டுக்குள்ளும் ஒரு கரு, அதற்குக் கட்டுச்சோறாகக் கொஞ்சம் மாவு. ஒன்றை ஈரம் கொல்கிறது, இன்னொன்றை வெயில் கொல்கிறது. ஏன் இப்படி என்பது உழவர் வீட்டுக் கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் பெரிய தாவரவியல் பூங்காக்கள் எதற்காக இருக்க வேண்டும் என்ற கேள்விக்கும் விடை இதில்தான் இருக்கிறது.

மாகறலுக்கே ஒரு பலாக்கதை உண்டு. சம்பந்தர் பாடிய மாகறலீஸ்வரர் கோயிலில் நாளுக்கொரு பழம் தரும் பலாமரம் இருந்ததாம். அந்தப் பழம் தினமும் சிதம்பரத்துக்குப் போய் நடராசருக்குப் படைக்கப்பட்டு, பிறகு சோழ மன்னனுக்குப் போகுமாம். ஊரார் முறைவைத்துச் சுமந்தார்கள். இந்தச் சுமை தீர வேண்டும் என்று ஒரு சிறுவன் மரத்தையே எரித்துவிட்டான் என்கிறது தலபுராணம். இன்றைய தலமரம் எலுமிச்சை. புராணத்தைப் புராணமாகவே எடுத்துக்கொள்வோம். ஆனால் பலாவின் இயல்பு அதில் சரியாகவே அமைந்திருக்கிறது. மரம் போனால் எல்லாம் போயிற்று. குதிரில் எடுத்துவைத்த விதையிலிருந்து மறுபடி தொடங்கலாம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

முதலில் நெல்லைப் பார்ப்போம். கதிரில் பால் பிடிக்கும்போது மணியில் பாதிக்கு மேல் தண்ணீர். முற்ற முற்ற நீர் வடிந்து, அறுவடையின்போது ஏறக்குறைய கால் பங்காகிறது. விதைநெல்லின் ஈரப்பதம் 13 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதைச்சான்று விதி. நம் உடம்பின் உயிரணுவில் இவ்வளவு தண்ணீர் குறைந்தால் மரணம்தான். நெல்லின் கரு மட்டும் தாங்குகிறதென்றால், அது முன்கூட்டியே தயாராகிவிடுகிறது என்று பொருள். முற்றும் பருவத்தில் கரு தன் மூச்சைத் தணிக்கிறது. உயிரணுக்களில் சில சர்க்கரைகளைச் சேர்க்கிறது. கூடவே தனி வகைப் புரதங்களையும் உண்டாக்குகிறது. இந்தப் புரதங்களை 1981-இல் அமெரிக்காவில் லியான் டியூரும் அவருடைய குழுவினரும் பருத்தி விதையில் கண்டார்கள். கரு முதிரும்போது பெருகுவதால் இவற்றைக் கருமுதிர்ப் புரதங்கள் எனலாம். நீர் விலகும் இடங்களில் இவை நின்று, மற்றப் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கெடாமல் காக்கின்றன.

சர்க்கரையின் வேலையைப் புரிந்துகொள்ளக் கடலைமிட்டாய் போடுபவரைப் பார்த்தால் போதும். கொதிக்கும் வெல்லப்பாகில் ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விடுவார். நீர் மிச்சமிருந்தால் சொட்டு கரைந்துவிடும். பதம் வந்த பாகு உருண்டு திரளும், எடுத்துத் தட்டில் போட்டால் 'டங்'கென்று ஒலிக்கும். அது கற்கண்டைப் போலப் படிகமாகிவிடவில்லை. திரவமாக இருந்தபோது மூலக்கூறுகள் எப்படித் தாறுமாறாகக் கிடந்தனவோ, அப்படியே அசைய முடியாமல் நின்றுபோய்விட்டன. ஜன்னல் கண்ணாடியும் இதே நிலையில்தான் இருக்கிறது. அதனால் இதற்குக் கண்ணாடிநிலை என்று பெயர். காய்ந்த நெல்லின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் நடப்பது இதுதான். எதுவும் நகர முடியாததால் வாழ்வதற்கான வினைகள் நிற்கின்றன. கெடுப்பதற்கான வினைகளும் அனேகமாக நிற்கின்றன. மழைக்காலத்தில் டப்பாவைத் திறந்துவைத்தால் கடலைமிட்டாய் பிசுபிசுக்கும் அல்லவா? ஈரக் காற்று பட்ட விதைநெல்லிலும் அதேபோலக் கண்ணாடி இளகுகிறது, கெடுதல் மறுபடி நகரத் தொடங்குகிறது.

கண்ணுக்குத் தெரியாத இந்த நிலையை எப்படிக் கண்டார்கள்? விதையின் கருவை மெல்ல மெல்லச் சூடாக்கி, அது வாங்கிக்கொள்ளும் வெப்பத்தை நுணுக்கமாக அளந்தார்கள். கண்ணாடி எதுவானாலும் இளகும் இடத்தில் அந்த அளவு சட்டென்று ஒரு படி ஏறும். 1989-இல் வில்லியம்ஸும் லியோபோல்டும் மக்காச்சோளக் கருவில் அந்தப் படியைக் கண்டு எழுதினார்கள். காய்ந்த விதையின் நெடுவாழ்வுக்கு இயற்பியல் காரணம் கிடைத்தது அப்போதுதான்.

அதற்கு முன்பே விதை வியாபாரிகளிடம் ஒரு கைக்கணக்கு இருந்தது. அமெரிக்க விதையியலாளர் ஹாரிங்டன் சொன்னது: விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், வைக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிக்கும். 30 டிகிரியில் 13 சதவீத ஈரத்தோடு ஓராண்டு தாங்கும் விதையை எடுத்துக்கொள்வோம். ஈரத்தை 7 ஆக்கினால் ஆறு முறை இரட்டிக்கும், 64 ஆண்டு. பிறகு 5 டிகிரி குளிரில் வைத்தால் மேலும் ஐந்து முறை இரட்டிக்கும், 2,048 ஆண்டு. துல்லியக் கணக்கு அல்ல, எல்லைக்குள் நின்று பார்க்க வேண்டிய கணக்கு. இருந்தாலும் உலகின் விதை வங்கிகள் எல்லாம் நிற்பது இந்த எண்ணத்தின் மேல்தான்.

உண்மையிலேயே அத்தனை நாள் தாங்குமா என்று சோதிக்க ஒரு மனிதரின் ஆயுள் போதாது. 1879-இல் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற பேராசிரியர், களைவிதை எத்தனை காலம் மண்ணில் உயிரோடு கிடக்கும் என்று அறிய, 21 வகை விதைகளை மணலோடு கலந்து 20 புட்டிகளில் அடைத்துப் புதைத்தார். குறித்த இடைவெளியில் ஒவ்வொரு புட்டியாகத் தோண்டிப் பார்த்து வருகிறார்கள். 2021-இல் எடுத்த புட்டியிலும் ஒரு செடியின் விதைகள் முளைத்தன. 1940-இல் லண்டன் மீது குண்டு விழுந்தபோது அங்குள்ள அருங்காட்சியகத்தில் தீயணைக்க அடித்த தண்ணீர் உலர்தாவரத் தொகுப்பில் பட்டது. 1793-இல் சீனாவில் சேகரித்த, நம் ஊர் வாகைக்கு உறவான ஒரு மரத்தின் விதைகள் அந்த ஈரத்தில் முளைவிட்டன.

இதைவிடப் பெரியது தாமரையின் கதை. வடகிழக்குச் சீனாவில் புலாந்தியன் என்னும் இடத்தில் வறண்டுபோன ஏரியின் அடிமண்ணில் பழைய தாமரை விதைகள் கிடைக்கின்றன. பெய்ஜிங் தாவரவியல் நிறுவனத்திடமிருந்து சிலவற்றைப் பெற்ற ஆய்வாளர் ஜேன் ஷென்-மில்லர், 1995-இல் தம் முடிவை வெளியிட்டார். முளைத்தவற்றில் ஒன்றின் வயது சுமார் 1,300 ஆண்டு, முன்பின் 270 ஆண்டு வேறுபடலாம். பல்லவர்கள் காஞ்சியை ஆண்ட காலத்துத் தாமரை!

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பழைய விதை முளைத்தது என்ற செய்தியில் முதலில் கேட்க வேண்டியது, வயதை எதில் அளந்தார்கள் என்பது. 1951-இல் ஜப்பானில் ஒஹ்கா இச்சிரோ முளைக்கவைத்த தாமரைக்கு 2,000 ஆண்டு வயது என்று உலகமே கொண்டாடியது. ஆனால் கரிமம்-14 முறையில் அளந்தது விதையை அல்ல, அந்த இடத்தில் கிடைத்த பழைய படகின் மரத்தை. 1967-இல் கனடாவின் உறைமண்ணில் கிடைத்த லூபின் விதைகள் 10,000 ஆண்டுப் பழையவை என்றார்கள். அங்கும் வயதைக் குறித்தது பக்கத்தில் கிடந்த எலும்புகளையும் மண்ணையும் வைத்துத்தான். 2009-இல் அந்த விதைகளையே அளந்தபோது அவை 1950-களில் விளைந்த புது விதைகள் என்று தெரிந்தது. ஷென்-மில்லர் முளைத்த விதையின் ஓட்டிலிருந்தே துணுக்கெடுத்து அளந்தார். அதனால்தான் அவருடைய எண் நிற்கிறது. தாமரைக் கொட்டையைக் கல்லில் தேய்த்து ஓட்டில் ஒரு பக்கம் தேய்ந்த பிறகே தண்ணீரில் போட வேண்டும் என்று தோட்டக்காரர்கள் சொல்வார்கள். தேய்க்காவிட்டால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். அவ்வளவு இறுக்கமான ஓடு, நீரும் காற்றும் புக விடாது. உள்ளே கெட்டுப்போன புரதங்களைப் பழுதுபார்க்கும் ஒரு நொதி அத்தனை நூற்றாண்டுக்குப் பிறகும் வேலை செய்யும் நிலையில் இருந்ததையும் அவர் காட்டினார்.

பலாவுக்கு வருவோம். பழம் கனிந்து விழும்போதும் அதன் கொட்டையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். நெல் முடித்துவிட்டு வரும் கடைசிப் பாடத்தை, காயும் பாடத்தை, பலாவின் கரு படிப்பதே இல்லை. வளர்ச்சியை நிறுத்தாமல் முளைப்புக்குள் நேராக நுழைந்துவிடுகிறது. மிகவும் கனிந்த பழத்தை அறுக்கும்போது சுளைக்குள்ளேயே கொட்டை வெடித்து வெள்ளையாக வேர் நீட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இப்படிப்பட்ட கருவைக் காயவைத்தால் உயிரணுவின் நீர்ப்பைகள் சுருங்கிச் சவ்வுகள் கிழிகின்றன. பாதி காய்ந்த நிலையில் மூச்சு தாறுமாறாகி, ஆக்சிஜனின் நச்சு வடிவங்கள் பெருகுகின்றன. சரி, ஈரத்தோடேயே குளிரில் வைக்கலாமே என்றால், உறைநிலைக்குக் கீழே அந்த ஈரம் பனிக்கத்தியாகிறது. வெப்பமண்டல விதையாதலால் உறையாத குளிரே பலவற்றுக்கு ஆகாது.

1973-இல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் எரிக் ராபர்ட்ஸ் விதைகளை இந்த இரண்டு வகையாகப் பிரித்தார். நாம் உலர்விதை, ஈரவிதை என்று சொல்லலாம். நெல், கேழ்வரகு, கத்தரி, அவரை, தாமரை எல்லாம் உலர்விதை. பலா, மா, நாவல், தேயிலை, கொக்கோ, ரப்பர், மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளைக்குங்கிலியம் எல்லாம் ஈரவிதை. பிச்சாவரத்துச் சேற்றில் நிற்கும் வெண்கண்டலும் ஈரவிதைதான். தென்னாப்பிரிக்காவில் பட்ரீசியா பெர்ஜக் ஈரவிதையின் உள்நடப்பை விரிவாக ஆராய்ந்தது அந்த மரத்தின் விதையில். இரண்டுக்கும் நடுவே, ஓரளவு காயலாம், ஆனால் குளிர் ஆகாது என்ற இடைவகையும் உண்டு. 1990-இல் காப்பி விதையில் அதைக் கண்டார்கள்.

ஒரு விதை எந்த வகை என்று அறியும் சோதனை எந்தப் பள்ளியிலும் செய்யக்கூடியது. புதிதாக எடுத்த விதைகளைச் சில பங்காகப் பிரித்து, ஒரு பங்கை உடனே விதைக்க வேண்டும். மற்றவற்றை வெவ்வேறு நாள் அளவுக்கு நிழலில் காற்றாட விட்டு, எடை குறைவதைக் குறித்துக்கொண்டே விதைக்க வேண்டும். கூடவே ஒரு பங்கைக் காயவிடாமல் ஈரமணலிலும் அத்தனை நாள் வைத்திருக்க வேண்டும். இந்தக் கடைசிப் பங்கு இல்லாவிட்டால், விதையைக் கொன்றது காய்ச்சலா அல்லது நாள் கடந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஒரு மரம் ஏன் இப்படிச் சாகக்கூடிய விதையைப் போட வேண்டும்? அது பிறந்த இடத்தை நினைத்தால் புரியும். பலாவின் தாயகம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடு. மழையோடு பழம் விழுகிறது, கீழே எப்போதும் ஈரம். காத்திருக்கும் விதையைப் பன்றியும் எலியும் தின்னும். சீக்கிரம் வேர் விட்டதே பிழைக்கும். காய்ந்து கிடக்கத் தெரிவதால் அங்கே ஒரு லாபமும் இல்லை.

இதனால்தான் ஈரவிதைகள் வெப்பமண்டலத்தில் குவிந்திருக்கின்றன. உலகில் அழிவின் விளிம்பில் நிற்கும் தாவர இனங்களில் 36 சதவீதம் ஈரவிதை வகையாக இருக்கும் என்று 2018-இல் ஓர் ஆய்வு கணித்தது. அவற்றை எந்தக் குளிர்க்கிடங்கிலும் அடைக்க முடியாது. துருவத்துப் பனிமலைக்குள் ஸ்வால்பார்டில் இருக்கும் கிடங்கும் அவற்றுக்கு உதவாது.

சீனாவின் யுன்னான் மாகாணத் தலைநகர் குன்மிங்கில் இதற்கான விடையை அருகருகே பார்க்கலாம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த நகரத்தின் வடக்கே, 1938-இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா இருக்கிறது. கமேலியாவும் மக்னோலியாவும் பூக்கும் காலத்தில் கூட்டம் அலைமோதும். அந்தப் பூங்காவை நடத்தும் தாவரவியல் நிறுவனத்திடமே காட்டுத் தாவரங்களுக்கான விதை வங்கியும் இருக்கிறது. மூத்த தாவரவியலாளர் வூ ஜெங்யி 1999-இல் அன்றைய பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் தொடங்கி, 2007-இல் இயங்க ஆரம்பித்தது. 10,000-க்கும் மேற்பட்ட இனங்களின் விதைகளைக் காயவைத்து உறைகுளிரில் வைத்திருக்கிறார்கள். காயக்கூடியது கிடங்குக்கு, காய முடியாதது தோட்டத்துக்கு. குன்மிங்கின் குளிர் தாங்காத மழைக்காட்டு மரங்களுக்கு, அதே மாகாணத்தின் தெற்கில் சிசுவாங்பன்னாவில் 1959-இல் சாய் சிதாவ் நிறுவிய பூங்கா 1,100 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடக்கிறது. 60 மீட்டருக்கு மேல் ஓங்கும் பரஷோரியா மரங்கள் அங்கே நிற்கின்றன. அவை நம் வெள்ளைக்குங்கிலியத்தின் குடும்பம், அவையும் ஈரவிதை. பார்க்க வருபவர்கள் நிழலும் பூவும் தேடி வருகிறார்கள். பூங்காவோ கிடங்கில் வைக்க முடியாத உயிர்களை நின்ற நிலையில் வைத்திருக்கிறது.

உலகத் தாவரவியல் பூங்காக்களில் என்னென்ன இருக்கிறது என்று 2017-இல் கணக்கெடுத்தபோது, அறியப்பட்ட தாவர இனங்களில் 30 சதவீதம் ஏதேனும் ஒரு பூங்காவில் இருந்தது. ஆனால் எந்தப் பூங்காவிலும் இல்லாதவற்றில் நான்கில் மூன்று பங்கு வெப்பமண்டலத்தவை. பூங்காக்கள் குளிர்நாடுகளில் பெருகியதன் விளைவு இது. தமிழ்நாட்டிலும் அப்படித்தான் நடந்தது. நம் புகழ்பெற்ற தாவரவியல் பூங்கா 1848-இல் மெக்ஐவர் உருவாக்கிய ஊட்டிப் பூங்கா. அழகானது, அறிவுக்குரியது, ஆனால் அந்தக் குளிரில் சமவெளியின் நாவலும் பாலையும் வளராது. கடற்கரையோரச் சமவெளியில் ஒருகாலத்தில் அடர்ந்திருந்த உலர் பசுமைக்காட்டின் மிச்சம் இப்போது புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு போன்ற சில இடங்களில்தான் இருக்கிறது. 2003-இல் தொடங்கிய ஆரோவில் தாவரவியல் தோட்டம் 50 ஏக்கரில் அந்தக் காட்டு மரங்களை வளர்க்கிறது. நாட்டுக்கு அது போதாது.

இத்தனைக்கும் இது தோட்டத்தை ஊர்ப் பொறுப்பாக நடத்திய மண். மாகறலுக்குப் பக்கத்து உத்திரமேரூரில், பராந்தகச் சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் பேசப்படுகின்றன. குடவோலையில் தேர்ந்தவர்களில் 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம் என்று அதே கல்வெட்டு சொல்வதை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஏரியைவிடத் தோட்டத்துக்கு இரண்டு மடங்கு ஆட்கள்.

குளிர்க்கிடங்குக்கு மாற்று வழி தேடும் முயற்சியும் நடக்கிறது. டெல்லியில் உள்ள தேசியத் தாவர மரபுவளப் பணியகத்தின் ஆய்வாளர்கள் 1995-இல் தேயிலை, கொக்கோ, பலா மூன்றையும் எடுத்துப் பார்த்தார்கள். முழு விதையை விட்டுவிட்டு, அதன் ஒரு முனையில் சில மில்லிமீட்டரே இருக்கும் முளைக்கருவை மட்டும் கத்தியால் எடுத்து, சுத்தமான காற்றோட்டத்தில் வேகமாகக் காயவைத்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் மூழ்கவைத்தார்கள். சின்னத் துணுக்கு என்பதால் கெடுதல் தொடங்கும் முன்பே காய்ந்துவிடுகிறது, உறையும்போது பெரிய பனிப்படிகம் உருவாக நேரமும் இல்லை. தேயிலையில் நன்றாகப் பலித்தது. பலாவில் ஒரு பங்குதான் பிழைத்தது. பிழைத்ததையும் சோதனைக் குழாயில் ஊட்டம் கொடுத்து வளர்த்து, தொட்டிக்கு மாற்றி, கடைசியில் மண்ணில்தான் நட வேண்டும்.

மண்ணில் நடுவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு பலாமரத்துக்கு ஒரு பெயர்ப்பலகை மாட்டிவிட்டால் பலா காப்பாற்றப்பட்டுவிட்டது என்று ஆகாது. பலா பிற மரத்து மகரந்தத்தை ஏற்பது. ஒரே பழத்தின் நூறு கொட்டையும் நூறு விதமான மரம். பண்ருட்டிப் பக்கத்துத் தனி மரம் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுத்த 'பாலூர் 1' அதே குணத்தோடு வேண்டுமென்றால் ஒட்டுக்கட்ட வேண்டும். ஓர் இனத்தின் மொத்த வளமும் வேண்டுமென்றால் பல தாய்மரங்களின் பிள்ளைகள் வேண்டும். ஓரிடத்து மரக்கூட்டத்தில் பரவலாக உள்ள மரபணு வடிவங்களைப் பிடிக்க 50 முதல் 100 தாய்மரங்களிலிருந்து விதை எடுக்க வேண்டும் என்று 1975-இல் மார்ஷலும் பிரவுனும் கணக்கிட்டுச் சொன்னார்கள். இன்றும் சேகரிப்பவர்கள் அதைத்தான் வழிகாட்டியாகக் கொள்கிறார்கள்.

செங்கல்பட்டு மாவட்டம் கடம்பூரில், லண்டன் கியூ பூங்காவின் ஆலோசனையோடு, சுமார் 138 ஹெக்டேரில் தாவரவியல் பூங்கா அமைப்பதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்திருக்கிறது. உத்திரமேரூர் வட்டாரத்துக்கு அது அடுத்த வீட்டு நிலம், அதே மண், அதே மழை. எனக்குக் கேட்கும் உரிமை இருந்தால் ஒன்று கேட்பேன்: கண்ணாடி மாளிகைக்கும் பூப்படுக்கைக்கும் முன்னால், ஊர் ஊராகத் தேடிய ஈரவிதை மரங்களுக்கு இடம் ஒதுக்குங்கள். ஏகாம்பரநாதர் கோயில் மாவிலிருந்து ஏரிக்கரை நாவல்வரை. அவற்றின் விதைகளுக்குக் கால அட்டவணை கண்டிப்பானது. மா வைகாசியிலும் பலா ஆனியிலும் நாவல் ஆடியிலும் விழும். விழுந்த சில வாரங்களுக்குள் மண்ணில் ஊன்றியாக வேண்டும், அடுத்த வாய்ப்பு ஓராண்டு கழித்துத்தான். ஆகவே நாற்றங்காலும் தண்ணீரும் ஆட்களும் சித்திரைக்குள் தயாராக இருக்க வேண்டும்.